தூண்டிலுக்கு மெது ஈயமா, கெட்டி ஈயமா?

காசிமேட்டிலோ எண்ணூர் முகத்துவாரத்திலோ தூண்டில் போடும் பழக்கம் ஒட்டிக்கொண்ட யாருக்கும் கொஞ்ச நாளில் ஈயம் வார்க்கும் ஆசையும் வந்துவிடும். காரணம் பாறைதான். ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரைக்கும் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கல் இடுக்கில் தூண்டிலில் கட்டிய ஈயக் குண்டு ஒரு தடவை போய்ச் சொருகிக்கொண்டால் நரம்பை அறுத்துக்கொண்டு திரும்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஒரே சாயங்காலத்தில் நாலைந்து போய்விட்டால், கடையில் காசு கொடுத்து வாங்குவதற்கு நாமே உருக்கி ஊற்றிக்கொள்ளலாமே என்று தோன்றத்தான் செய்யும். சரி என்று காயலான் கடைக்குப் போய் "அண்ணே, ரெண்டு கிலோ ஈயம் வேணும்" என்று கேட்டால் அவர் திருப்பிக் கேட்பார்: "சாஃப்ட்டா, ஹார்டா?"

பலரும் யோசிக்காமல் "ஹார்டே குடுங்க" என்று விடுகிறார்கள். கெட்டியாக இருந்தால் நல்லதுதானே, நாள்பட உழைக்குமே என்ற கணக்கு. தூண்டில், வலை வேலைக்கு இந்தக் கணக்கு பாதிக்கு மேல் தப்பு. கெட்டி ஈயம் எடை குறைவு, வளைத்தால் விரிசல் விடும், சில நேரம் கீழே விழுந்தாலே உடையும், காயலான் கடையில் விலையும் சமயத்தில் கூட இருக்கும். அந்தக் குண்டு என்ன வேலை செய்யப்போகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு வேண்டிய கெட்டியை மட்டும் வாங்கினால் போதும். பெரும்பாலான வேலைக்கு மெது ஈயமே போதும் என்பதுதான் நான் சொல்ல வருவது. எங்கே போதாது என்பதையும் சொல்கிறேன்.

இந்த ஈயக் கெட்டி விஷயத்தில் உலகத்திலேயே அதிகமாக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவில் வீட்டிலேயே துப்பாக்கிக் குண்டு வார்க்கும் பொழுதுபோக்குக்காரர்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அதைச் செய்தால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம், ஆகவே அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனால் அவர்கள் பயன்படுத்தும் சோதனைகளும் கலவைக் கணக்கும் உலோகத்தைப் பற்றியவை. தூண்டில் குண்டுக்கும் அப்படியே செல்லும். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இருப்பதிலேயே கெட்டியான கலவையைத் தேடித்தான் ஓடுவார்கள், அனுபவப்பட்டவர்கள் பிடித்து நிறுத்துவார்கள்.

முதலில் கெட்டி என்று எதைச் சொல்கிறோம்? ஒரு பொருளின் மேல் கெட்டியான உருண்டை ஒன்றை வைத்து அழுத்தினால் எவ்வளவு குழி விழுகிறது என்பதுதான் அளவு. சுவீடன் பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் வெளியிட்ட முறை இது. அழுத்திய எடையைக் கிலோவிலும், விழுந்த குழியின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரிலும் எடுத்துக்கொண்டு முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது பிரினெல் எண். சுத்த ஈயத்துக்கு இது சுமார் 5. டயர் கடையில் ரிம்மில் கிளிப் போட்டு மாட்டும் பேலன்ஸ் வெயிட்டுக்கு, அதாவது வீல் வெயிட்டுக்கு, ஏறக்குறைய 10 முதல் 12. அச்சகத்தில் எழுத்துகளை வரிவரியாக வார்க்கும் லைனோடைப் எந்திரத்துக்கு ஊற்றிய உலோகத்துக்கு 20ஐ ஒட்டி வரும். சாதாரண இரும்புக்கு 120 பக்கம் என்று நினைத்துக்கொண்டால், நாம் 'ஹார்ட்' என்று பெருமையாகச் சொல்லும் ஈயமே எவ்வளவு மெதுவானது என்று புரியும்.

சுத்த ஈயம் ஏன் இவ்வளவு மெது? அதன் படிகங்களில் அணு அடுக்குகள் சீட்டுக்கட்டில் சீட்டு நழுவுவதுபோல ஒன்றின்மேல் ஒன்று சுலபமாக நழுவும். செம்பையோ இரும்பையோ சுத்தியால் தட்டத் தட்ட இறுகும். ஈயம் அப்படி இறுகாது, ஏனென்றால் தட்டிக் குலைந்த படிகங்கள் சாதாரண அறை வெப்பத்திலேயே தன்னைத்தானே சீராக்கிக்கொள்கின்றன. அதனால் "தட்டித் தட்டிக் கெட்டியாக்கினேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈயத்தை இறுக்க வேண்டுமானால் வேறு உலோகம் கலக்கத்தான் வேண்டும்.

கலக்கும் சரக்கில் முக்கியமானவை இரண்டு, ஆன்டிமனி என்ற உலோகமும் வெள்ளீயமும் (டின்). இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இறுக்குவது முக்கியமாக ஆன்டிமனி. நூற்றுக்கு மூன்று பங்கு சேர்ந்தாலே ஈயத்தின் கெட்டி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். வெள்ளீயமும் கொஞ்சம் இறுக்கும், ஆனால் அதன் உண்மையான வேலை வேறு: உருகிய ஈயம் அச்சுக்குள் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்ப உதவுவது. ஒன்று, ஒன்றரை சதவீதம் போட்டாலே அச்சின் விளிம்பெல்லாம் கூர்மையாக விழும். அதற்குமேல் போட்டால் காசுக்குத்தான் கேடு, ஈயத்தைவிட வெள்ளீயத்தின் விலை பல மடங்கு. சாலிடர் கம்பியில் 60க்கு 40 என்று எழுதியிருந்தால் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம். ஒரு கிலோ மெது ஈயத்தில் 20 கிராம் அந்தக் கம்பியைப் போட்டால் ஒரு சதவீதத்துக்குச் சற்றே மேல் வெள்ளீயம் சேர்ந்துவிடும், போதுமானது. பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான், ஆனால் அதை உருக்கி மீன் தூண்டிலுக்குப் போடுகிறேன் என்பவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

எடைக் கணக்கைப் பலர் கவனிப்பதே இல்லை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். ஆன்டிமனி 6.7 பக்கம், வெள்ளீயம் 7.3. அதாவது இறுக்கும் சரக்கு சேரச் சேர குண்டு லேசாகிக்கொண்டே போகும். சுத்த ஈயம் ஊற்றினால் சரியாக 100 கிராம் வரும் அச்சில் வீல் வெயிட் ஈயத்தை ஊற்றினால் 97, 98 கிராம் வரும், அது பரவாயில்லை. அதே அச்சில் லைனோடைப் உலோகத்தை ஊற்றினால் 90 கிராம்தான். பத்து கிராம் குறைந்தால் தூரமும் குறையும், மார்கழி மாதத்து நீரோட்டத்தில் குண்டு தரையில் நிற்காமல் உருண்டுகொண்டே போகும். தூண்டிலில் நாம் ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததே சின்ன உருவத்தில் பெரிய எடை கிடைக்கிறது என்பதற்காகத்தானே. கடல் நீருக்குள் போனதும் ஈயம் தன் எடையில் 9 சதவீதம்தான் இழக்கும், இரும்பு 13 சதவீதம், கருங்கல் ஏறக்குறைய 40 சதவீதம். இந்த லாபத்தைக் கெட்டிக்காக விட்டுக்கொடுப்பதற்கு நல்ல காரணம் வேண்டும்.

இனி வேலை வாரியாகப் பார்ப்போம். நரம்பில் கவ்வி மூடும் சின்னப் பிளவுக் குண்டு, வீச்சு வலையின் அடிக்கயிற்றில் சுற்றும் ஈயம், இரண்டுக்கும் கிடைக்கும் ஈயத்திலேயே மெதுவானது வேண்டும். காசிமேடு துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்களின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். மெல்லிய ஈயத் தகட்டுத் துண்டை அடிக்கயிற்றின் மேல் வைத்து, குறட்டால் ஒரு மடி, திருப்பி இன்னொரு மடி, பிறகு சின்னச் சுத்தியால் லேசாக ஒரு தட்டு. ஈயம் கயிற்றின் முறுக்குக்குள்ளேயே பதிந்து உட்கார்ந்துவிடும், அப்புறம் இழுத்தாலும் நகராது. ஆன்டிமனி கலந்த துண்டை அதே மாதிரி மடித்தால் இரண்டாவது மடியில் வெளிப்பக்கம் மெல்லிய கீறல் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அந்தக் கீறலின் ஓரம் கூர்மை. கயிற்றையும் அறுக்கும், தங்கூசி நரம்பையும் அறுக்கும். இந்த வேலைக்குப் பிரினெல் எண் 5, மிஞ்சினால் 6.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிளவுக் குண்டைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் நம் ஊரில் சின்னப் பையன்கள் முதல் பெரியவர்கள் வரை இருக்கிறது. மெது ஈயம் பல்லுக்கு இதமாக இருக்கிறது என்பதாலேயே கடிக்கிறார்கள். ஈயம் உடம்புக்குள் போனால் எலும்பில் போய்த் தங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை போனால் பாதிப்பில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலை. குறடு என்ன விலை விற்கிறது, ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கரையில் நின்று தூரமாக வீசும் 60 கிராமிலிருந்து 150 கிராம் வரையிலான குண்டுகளின் கதை கொஞ்சம் வேறு. பிரமிடு வடிவக் குண்டு மணலில் குத்தி நிற்பதே அதன் விளிம்புகளால்தான். சுத்த ஈயத்தில் வார்த்தால் பத்துப் பதினைந்து வீச்சிலேயே பாறையில் பட்டுப் பட்டு விளிம்பு மழுங்கி உருண்டையாகிவிடும். தலையில் பதித்த கம்பி வளையமும், மெது ஈயமாக இருந்தால் இழுக்க இழுக்கச் சற்று ஆடத் தொடங்கும். இதற்கு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் ஆன்டிமனி, அதாவது பிரினெல் எண் 7 முதல் 9 வரை இருந்தால் நன்றாக உழைக்கும். அதே நேரம் எண்ணூர் பக்கம் கருங்கல் மேலேயே நின்று போடுகிறவர் என்றால் அந்தக் குண்டு எப்படியும் இரண்டு மூன்று நாளில் கல்லுக்குள் போகத்தான் போகிறது, அதற்குப் போய் கெட்டிக் கலவை செய்வது வீண். இருப்பதிலேயே மலிவான மெது ஈயத்தை ஊற்றுங்கள். நீளமாக, வழவழப்பாக, மூலையே இல்லாத வடிவத்தில் ஊற்றினால் சிக்குவதும் குறையும். கெட்டியைவிட வடிவம்தான் இங்கே காப்பாற்றும்.

முகத்துவாரத்தில் கொடுவாவுக்குப் போடும் ஜிக் தலையில், அதாவது முள்ளோடு சேர்த்து வார்க்கும் ஈயத் தலையில், முள்ளின் கழுத்தைச் சுற்றி மெல்லிய பட்டையும் சின்னக் கொக்கியும் இருக்கும். இங்கே ஈயம் இடுக்கில் ஓடி நிரம்புவதுதான் பிரச்சினை. ஆகவே மெது ஈயத்தோடு ஒரு சதவீதம் வெள்ளீயம் சேர்த்தால் பாதிச் சண்டை தீரும். ஆன்டிமனியை அதிகமாக்கினால் அந்த மெல்லிய கொக்கி ஒடிந்துவிடும். படகுக்கு வைக்கும் எடை, கதவு எடை மாதிரி சமாச்சாரங்களுக்கு எதை வேண்டுமானாலும் ஊற்றுங்கள், கேட்பாரில்லை.

சரி, சரக்கு எங்கே கிடைக்கும், எதில் என்ன இருக்கும்? பழைய டெலிபோன், மின் கேபிள்களின் மேல் உறையாக இருந்த ஈயம், எக்ஸ்ரே அறைச் சுவரில் அடித்திருந்த தகடு, பழைய ஈயக் குழாய், இவையெல்லாம் மெது ஈயம். கேபிள் உறையில் சில சமயம் துளி கலப்பு இருக்கலாம், தூண்டிலுக்கு அது பொருட்டில்லை. டயர் கடையில் கிடைக்கும் பேலன்ஸ் வெயிட்டில் ரிம்மின் விளிம்பில் கிளிப்போடு மாட்டியது ஆன்டிமனி கலந்தது, பசையோடு ஒட்டியது பெரும்பாலும் மெது. ஆனால் இதிலும் இப்போது துத்தநாகமும் இரும்பும் புகுந்துவிட்டன. ஐரோப்பாவில் 2005இலேயே புதிய கார்களில் ஈய வெயிட் மாட்டத் தடை வந்துவிட்டது, அதன்பிறகு வெளியூர் சரக்கு, உள்ளூர் சரக்கு எல்லாம் கலந்தே ஒரே டப்பாவில் கிடக்கும்.

மண்ணடி, ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய அச்சகங்கள் மூடியபோது எடைக்குப் போட்ட அச்செழுத்துகள் இன்னும் சில காயலான் கடைகளின் மூலையில் சாக்கில் இருக்கும். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் சேர்ந்த கலவை அது. லைனோடைப் உலோகத்தில் ஆன்டிமனி 12 சதவீதம் பக்கம், வெள்ளீயம் 4. கையால் கோக்கும் தனி எழுத்துகளில் ஆன்டிமனி அதைவிடவும் அதிகம் இருக்கும். ஆன்டிமனி கலந்த ஈயம் உறையும்போது அவ்வளவாகச் சுருங்காது, அதனால்தான் 'ஐ', 'ழ' போன்ற எழுத்துகளின் வளைவெல்லாம் அச்சில் கூர்மையாக விழுந்தது. இவற்றைத் தனியாக உருக்கிக் குண்டு ஊற்றாதீர்கள். மெது ஈயத்தோடு கலக்கும் சரக்காக மட்டும் பயன்படுத்துங்கள். உடையாத, தேயாத எழுத்துகள் முழு செட்டாகக் கிடைத்தால் உருக்கவே உருக்காதீர்கள் என்பேன், பழைய முறையில் அச்சடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் ஈய விலையைவிட நல்ல விலை கொடுப்பார்கள்.

கலவைக் கணக்கு சுலபம். ஒரு கிலோ லைனோடைப் உலோகத்தில் 120 கிராம் ஆன்டிமனி, 40 கிராம் வெள்ளீயம். அதோடு மூன்று கிலோ மெது ஈயம் சேர்த்தால் மொத்தம் நான்கு கிலோ, அதில் ஆன்டிமனி 3 சதவீதம், வெள்ளீயம் ஒரு சதவீதம். வீல் வெயிட்டுக்கு நிகரான கலவை வந்துவிட்டது. ஒன்பது கிலோ சேர்த்தால் ஆன்டிமனி 1.2 சதவீதம், கரையோரப் பிரமிடு குண்டுக்கு அளவான கலவை. ஆன்டிமனியைத் தனியாக வாங்கி ஈயத்தில் கரைக்கலாம் என்று மட்டும் முயற்சி செய்ய வேண்டாம். அதன் உருகுநிலை 631 டிகிரி. ஈயத்தின் உருகுநிலையோ 327 டிகிரிதான். அந்தச் சூட்டுக்கு ஈயத்தைக் கொண்டுபோனால் ஈயப் புகைதான் மூச்சில் ஏறும். ஏற்கெனவே கலந்த சரக்கு 250 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும், அதைக் கலப்பதே புத்திசாலித்தனம்.

கையில் இருக்கும் கட்டி எந்த ரகம் என்று கண்டுபிடிக்க முதல் சோதனை நகம். புதிதாக வெட்டிய பளபள முகத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி இழுத்தால் சுத்த ஈயத்தில் நன்றாகக் கோடு விழும், வீல் வெயிட்டில் மங்கலாக விழும், அச்செழுத்தில் நகம்தான் தேயும். அடுத்தது சத்தம். சிமென்ட் தரையில் போட்டால் மெது ஈயம் 'தொப்' என்று விழும், கெட்டி ஈயம் சற்று 'டங்' என்னும், துத்தநாகம் கணீரென்று கேட்கும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஓவியர்கள் வாங்கும் பென்சில் செட் ஒன்று போதும். மரத்தை மட்டும் சீவி, கரியின் முனையைத் தட்டையாக உப்புத்தாளில் தேய்த்து, 45 டிகிரி சாய்வில் ஈயத்தின் மேல் தள்ளுங்கள். மெதுவான 6பியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏறுங்கள். கரி வழுக்காமல் ஈயத்தைச் சுரண்டி எடுக்கும் முதல் பென்சில் எதுவோ அதுதான் அந்த ஈயத்தின் அளவு. சுத்த ஈயம் 6பி, 5பியிலேயே சுரண்டும், அச்சு உலோகம் எச்பியைத் தாண்டியும் வழுக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பென்சிலின் கெட்டி மாறும், ஆகவே ஒரே செட்டையே எப்போதும் பயன்படுத்துங்கள், தெரிந்த சுத்த ஈயத்தில் முதலில் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது பால்ரஸ் சோதனை. பேரிங்கிலிருந்து எடுத்த 10 மில்லிமீட்டர் எஃகு பால் ஒன்று, லேத் பட்டறையில் இருக்கும் வைஸ் ஒன்று. சுத்த ஈயத்துண்டு ஒரு பக்கம், தெரியாத ஈயத்துண்டு மறுபக்கம், நடுவில் பால்ரஸ். வைஸை மெல்ல இறுக்கினால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான் விழும், ஆனால் மெதுவான பக்கத்தில் குழி பெரிதாகவும் கெட்டியான பக்கத்தில் சின்னதாகவும் இருக்கும். இரண்டு குழியின் அகலத்தையும் வெர்னியரில் அளந்து, பெரியதைச் சின்னதால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, 5ஆல் பெருக்குங்கள். சுத்த ஈயத்தில் 4 மில்லிமீட்டர், மற்றதில் 2.8 என்றால் நான்கை 2.8ஆல் வகுத்தால் 1.43, அதை அதாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 2, ஐந்தால் பெருக்கினால் 10. வீல் வெயிட் ரகம். குழியின் அகலம் பால்ரஸின் பாதியைத் தாண்டாமல் இறுக்கினால் இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவரும், நூறு வருஷத்துக்கு முந்தைய பிரினெல் முறையேதான் இது.

சோதனையை வார்த்த அன்றே செய்து முடிவுக்கு வர வேண்டாம். ஆன்டிமனி சூடான ஈயத்தில் ஓரளவு கரையும், 252 டிகிரியில் 3.5 சதவீதம் வரை. ஆறிய ஈயத்தில் அவ்வளவும் கரைந்திருக்க முடியாது, ஆகவே நாள்போக்கில் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நிற்கும், அந்தத் துகள்கள்தான் அடுக்குகள் நழுவுவதைத் தடுக்கின்றன. அதனால் வீல் வெயிட் ஈயம் ஊற்றி ஒன்றிரண்டு வாரம் வரை மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும். சூடாக அச்சிலிருந்து விழுந்ததை உடனே தண்ணீரில் போட்டால் ஆன்டிமனி பிரிய நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு பிறகு இன்னும் நுண்ணியதாகப் பிரியும். கெட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும், ஈயத்தில் துளி ஆர்செனிக் இருந்தால் இது இன்னும் எடுப்பாக நடக்கும். சுத்த ஈயத்தைத் தண்ணீரில் போட்டால் ஒன்றும் ஆகாது. சொல்லிவிட்டேனே தவிர, தூண்டில் குண்டுக்கு இந்த வேலை தேவையே இல்லை. அதற்கு வலுவான காரணம், உருகிய ஈயம் இருக்கும் இடத்தில் தண்ணீர் வாளியே இருக்கக்கூடாது.

ஏன் என்றால், தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு மாட்டினால் மொத்தமும் முகத்துக்கு வரும். மொட்டை மாடியில் கொடியில் காயும் துணியிலிருந்து சொட்டுவது, நெற்றி வியர்வை, முந்தின நாள் மழையில் நனைந்த அச்சு, மணலோடு பொறுக்கி வந்த ஈரக் குண்டு, எதுவும் போதும். பழைய குண்டுகளை உருகிய ஈயத்துக்குள் போடாதீர்கள், ஆறிய பாத்திரத்தில் முதலிலேயே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, பம்ப் ஸ்டவ்வின் சூட்டில் அது கை கொடுக்காது. இரும்புச் சட்டி எடுங்கள், அந்தச் சட்டி இனி சமையலுக்குத் திரும்பக்கூடாது, வீட்டில் யாரும் எடுத்துக் கழுவி வைத்துவிடாதபடி ஓட்டை போட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். கண்ணாடி, முழுக்கால் பருத்தி பேன்ட், தோல் செருப்புக்குப் பதில் ஷூ. சின்னப் பிள்ளைகள் மாடிக்கு வரக்கூடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்த்துத்தான், நம் பக்கத்தில் மாடிக்கு மாடி தாண்டுவது ஒரு எட்டுதானே.

துத்தநாகமும் பேட்டரியும் இரண்டு தனிக் கெட்டவர்கள். துத்தநாக வெயிட் ஒன்றிரண்டு கலந்துவிட்டால் ஈயம் திரிந்து கட்டி கட்டியாகும், அச்சில் ஓடாது. அதன் உருகுநிலை 419 டிகிரி, ஆகவே சூட்டை 400க்குள் வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்து எறிந்துவிடலாம். சந்தேகமான வெயிட்டில் கழிவறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விட்டால் துத்தநாகம் பொங்கும், ஈயம் சும்மா இருக்கும்.

பேட்டரி ஈயம் மலிவாகக் கிடைக்கும், "இதுவும் ஈயம்தான் தம்பி" என்பார்கள். தொடாதீர்கள். தட்டுகளில் அமிலம், ஆன்டிமனி, ஆர்செனிக், புதிய பேட்டரிகளில் கால்சியம். அவற்றை உருக்கி எடுத்த கசடில் ஈரம் பட்டால் ஸ்டிபைன், ஆர்சைன் என்ற வாயுக்கள் வரும், இரண்டும் ஆளைக் கொல்லும் விஷம். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

உருகியபின் மேலே படியும் சாம்பல் நிறப் படலத்தை எல்லாரும் அழுக்கு என்று வழித்து எறிகிறார்கள். அதில் வெள்ளீயம் அதிகம் இருக்கும். மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போட்டுக் கிளறினால் அதில் பெரும் பகுதி உள்ளே திரும்பிவிடும், பிறகு மிச்சமாகும் கறுப்புப் பொடிதான் கசடு. மெழுகு போட்டதும் குப்பென்று பற்றும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கசடுப் பொடிதான் ஈயப் புகையைவிட நமக்கு அதிகம் ஆபத்து, காற்றில் பறந்து கையில் ஒட்டி வாய்க்குப் போவது அதுதான். மூடி போட்ட டப்பாவில் எழுதி வையுங்கள், சாக்கடையிலோ பக்கிங்காம் கால்வாயிலோ கொட்டாதீர்கள். நீரில் விழும் ஈயமும் சும்மா இருப்பதில்லை. சின்னக் குண்டுகளைக் கூழாங்கல் என்று நினைத்து அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் பிரிட்டனில் 1987இல் 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனைக்குத் தடை போட்டார்கள். நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் நீர்ப்பறவைகள் இரை தேடும் சேற்று ஓரங்களில், பழவேற்காடு பக்கம் போனால் முக்கியமாக, சின்னப் பிளவுக் குண்டுக்குப் பதில் இரும்பு நட் கட்டிக்கொள்வது என் வழக்கம். மீன் அதைப் பார்த்து ஒன்றும் முகம் சுளிப்பதில்லை.

கடைசியாக ஒரு பழக்கம். உருக்கிச் சுத்தம் செய்த ஈயத்தைச் சின்னச் சின்னக் கட்டிகளாக ஊற்றும்போது, ஆறியதும் ஆணியால் ஒவ்வொன்றின் மேலும் கீறி வையுங்கள்: மெது ஈயத்துக்கு 'மெ', வீல் வெயிட்டுக்கு 'வீ', அச்செழுத்துக் கலவைக்கு 'அ', பக்கத்திலேயே பால்ரஸ் சோதனையில் வந்த எண். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது எல்லாக் கட்டியும் ஒரே சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.